மானூத்து வீட்டுப் பின்ஜன்னல்

வாங்க தம்பி, உள்ள வாங்க. முதல்ல உக்காருங்க, மூச்சு வாங்குது உங்களுக்கு. லிஃப்ட் ஓடலீங்க. ஆடி மாசம் நின்னது. ஏதோ பார்ட்டு வரோணும்கறாங்க, அது வந்துட்டே இருக்குது. நாலு மாடி ஏறி வர்றவங்க எல்லாருமே இந்தச் சேர்லதான் தொப்புன்னு உக்காருவாங்க. உக்காருங்க.

இயற்கை மையத்துல இருந்துதானுங்களே? ரேஞ்சர் போன் பண்ணுனாரு, ஆளை அனுப்பறேன்னு. அந்தா, டைனிங் டேபிள் மேல வேட்டி போட்டு மூடியிருக்குது பாருங்க, அதுதான். அவசரமில்லீங்களே? ஜீப்பு கீழ நிக்கட்டும். பிளாஸ்க்குல டீ இருக்குது, நீங்களே ஊத்திக்குங்க. எனக்கு எந்திரிச்சு உக்கார்றதே ஒரு வேலைங்க. முட்டிக்கு ஆபரேசன் பண்ணுனாங்க. ஒண்ணு நல்லாயிருச்சு, இன்னொண்ணு மக்கர் பண்ணுது. ஒருநாள் கைப்பிடியைப் புடிச்சுட்டே எறங்கிப் பார்த்தனுங்க. ரெண்டாவது மாடித் திருப்பத்துல முட்டி பூட்டிக்கிச்சு. மேலயும் போக முடியலை, கீழயும் போக முடியலை. கடைசில ரெண்டு பேரு நாற்காலியில வெச்சுத் தூக்கிட்டு வந்தாங்க. ஆனை வெரட்டி ஓடுன காலுங்க இது. அன்னிக்கு இருந்து எறங்கறதில்லை.

வாட்சரா சேர்ந்து வனவரா ரிட்டயர் ஆனவனுங்க நான். நாச்சிமுத்துன்னு மலையில யாரைக் கேட்டாலும் தெரியும். இப்பத்தான் புதுசா வந்த பசங்களுக்குத் தெரியாது. சந்தனமரம் கடத்துனவங்களைப் புடிச்சிருக்கறேன், காட்டுத்தீ அணைச்சிருக்கறேன், வாரக்கணக்கா பாறை மேல படுத்திருக்கறேன். இப்ப பாருங்க, அந்தப் பால்கனியில இருந்து ரெண்டு கட்டடத்துக்கு நடுவால மருதமலை ஒரு சாண் தெரியும். இன்னும் கொஞ்ச நாளைக்குத்தான். எதுக்கால புதுசா ஒண்ணு எழும்பிட்டிருக்குது, அடுத்த பொங்கலுக்கு அதுவும் தெரியாது.

வீட்டுக்காரி இல்லீங்க. ரங்கநாயகின்னு பேரு. ஸ்கூட்டர் எடுத்துட்டுப் போயிட்டா. சிரிக்காதீங்க. இந்த வயசுல ஸ்கூட்டர் ஓட்டப் பழகுனா. கீழ்வீட்டு டீச்சரம்மா காம்பவுண்டுக்குள்ளயே சுத்திச் சுத்தி ஓட்டக் கத்துக்குடுத்துது. விழுந்தா எலும்பு சேராதுன்னு சொன்னனுங்க. விழுந்தா. எந்திரிச்சுத் தூசி தட்டிட்டு மறுபடியும் ஏறிக்கிட்டா. இப்ப தினமும் கெளம்பிர்றா. லைப்ரரிங்கறா, பஜனைங்கறா, யாருக்கோ ஆஸ்பத்திரிக்குத் துணைங்கறா, வெள்ளிக்கிழமையானா பேரூர் கோயில். நாலு மாடி ஏறி எறங்கறது அவளுக்கு ஒண்ணுமே இல்லை. அப்படி வெளிய என்னதான் இருக்குதோ, எனக்குத் தெரியலீங்க. காட்டுல இருந்த வரைக்கும் வாசப்படி தாண்டாத பொம்பளை. ஒரு வார்த்தை முணுமுணுத்ததில்லை. மானூத்து குவார்ட்டர்ஸ்ல பதினோரு வருசம் ராஜாத்தியாட்டம் இருந்தா. சுத்தியும் ஆனை அகழி, நடுவால வீடு. கரண்டு, தண்ணி, விறகு, எல்லாமே அரசாங்கம் குடுத்தது. ஒரு குறை கிடையாதுங்க.

பொழுதுபோக்கு வேணும்னு சொன்னது எம் பொண்ணு. ஓசூர்ல இருக்குது, சுகந்தின்னு. ரிட்டயர் ஆனவங்க சும்மா உக்காந்தா மூளை மழுங்கிரும்னு போன்ல வீடியோவா அனுப்புச்சு. வெள்ளைக்காரக் கெழவனுக தூண்டில் கட்டறாங்க, மரத்துல வாத்து செதுக்கறாங்க. முதல்ல தொட்டிச்செடி வெக்கச் சொல்லுச்சு. காட்டையே பார்த்தவனுக்குத் தொட்டியாங்க? வேண்டாம்னுட்டேன். அப்பறம் தீபாவளிக்கு வந்தப்ப ட்ரில், ரம்பம், இழைப்புளி, வைஸ்னு எல்லாத்தையும் வாங்கிக் குடுத்துட்டுப் போச்சு. துணி காயப்போடற பின் பால்கனிதான் நம்ம பட்டறை. ஒரு ஆள் நிக்கலாம், திரும்ப முடியாது.

ஊன்றுகோல் செஞ்சனுங்க முதல்ல. நல்ல கல்மூங்கில், புடியில மான்கொம்பு மாதிரி செதுக்கி. பிளாக்குல இருக்கற அத்தனை பேருக்கும் குடுத்தேன். வாங்கிட்டு நல்லாருக்குதுன்னாங்க. யாரும் ஊனிட்டுப் போயி நான் பார்க்கலை. அப்பறம் குருவிக்கூடு. சிட்டுக்குருவி அளவுக்கு ஓட்டை வெச்சு, மழை உள்ள போகாம கூரை சாய்ச்சு. பால்கனி பூரா மாட்டுனேன். குருவி வரலை. கூரை மேல புறா வந்து உக்காந்துக்கிச்சு, கீழ்வீட்டுல காயப்போட்ட துணியெல்லாம் பாழாப்போச்சுன்னு அசோசியேசன் செக்ரட்டரி மேல வந்துட்டாரு. கழட்டிட்டேன். பால்கனிக்கு வலையும் அடிச்சுட்டாங்க. இப்ப மருதமலையை வலைக்குள்ள இருந்து பார்க்கறேன்.

கொஞ்ச நாள் சும்மாவே கெடந்தனுங்க. தச்சு வேலை வேண்டாம், எதுவும் வேண்டாம்னு. காலையில அவ போவா, மத்தியானம் வருவா, சோறு போடுவா, மறுபடி போவா. கீழ கேட்டுச் சத்தம், ஸ்கூட்டர் சத்தம், இது ரெண்டுந்தான் காதுல. ஒருநாள் படுத்துட்டே மானூத்து வீட்டை நெனைச்சுட்டு இருந்தேன். எந்த அறைக்கு எத்தனை சட்டம், எந்த ஓடு ஒடைஞ்சிருந்துது, எல்லாமே கண்ணுல நிக்குது. செஞ்சா என்னன்னு தோணுச்சு. அவளுக்குக் குடுக்கலாம், திடுதிப்புன்னு முன்னால வெச்சா சந்தோசப்படுவான்னு நெனைச்சேன். அப்படி ஆரம்பிச்சதுதான்.

வேட்டியை எடுத்துட்டுப் பாருங்க தம்பி. மெதுவா. அந்தத் தண்ணித் தொட்டிக்காலு நோஞ்சான்.

பாருங்க. சொவரு தேக்குத் துண்டு, மரக்கடையில கழிச்சுப்போட்டது. ஒவ்வொரு ஓடும் அட்டையில தனித்தனியா வெட்டி, செம்மண் கரைச்சுப் பூசுனது. அகழிக்குப் பிளாஸ்டர். அந்த அகழி மேல பலகைப் பாலம், சாயங்காலமானா எடுத்துருவோம், அதையும் எடுக்கற மாதிரியே வெச்சிருக்கறேன், இழுத்துப் பாருங்க. முன்னால அந்த மாமரம் கம்பியில முறுக்குனது. சமையக்கட்டுல அடுப்பு இருக்குது, குனிஞ்சு பார்த்தாத் தெரியும். மழைக்காலம் பூரா இதுலயே போச்சு. அவளுக்குத் தெரியாம செய்யோணும்னு துணி போட்டு மூடி வெப்பேன். அவ கேக்கவும் இல்லை. துணி காயப்போட வந்தாலும் மூடி வெச்சதைத் திரும்பிப் பார்க்கமாட்டா.

ஒருநாள் காலையில முடிஞ்சுது. துண்டு துண்டாத் தூக்கிட்டு வந்து இந்த டேபிள்லயே ஒண்ணாச் சேர்த்து வெச்சு, சட்டையெல்லாம் மாத்திட்டு உக்காந்திருந்தேன். வந்தா. ஹெல்மெட்டைக் கூடக் கழட்டலை. அப்படியே நின்னா.

"மானூத்து"ன்னா.

"ஆமா, உனக்குத்தான்"னேன்.

ஹெல்மெட்டைக் கழட்டி வெச்சுட்டு ஒரு சுத்து சுத்தி வந்தா. பாலத்தைத் தொட்டுப் பார்த்தா. குனிஞ்சு அடுப்பைப் பார்த்தா. எனக்குள்ள எப்படி இருந்துச்சுன்னு சொல்லத் தெரியலீங்க, டிபார்ட்மெண்டுல அவார்டு வாங்குன அன்னிக்குக் கூட அப்படி இல்லை. அப்பறம் பின்பக்கமாப் போனா. அங்கயே நின்னுட்டா. ஒத்தை வெரல்ல ஜன்னலைத் தள்ளுனா. தெறந்துச்சு.

"இது தெறக்குதே"ன்னா.

"தெறக்கும். கீல் நானே செஞ்சது, பித்தளைத் தகடு"ன்னேன்.

"இது தெறக்காது. ஆணி அடிச்சுட்டீங்க."

எனக்கு வெளங்கலை. "எந்த ஆணி"ன்னு கேட்டேன்.

"சுகந்தியை ஹாஸ்டல்ல விட்ட வருசம். மரக்கதவைச் சாத்திப் பெரிய ஆணி. சட்டத்துக்கு மேல ரெண்டு, கீழ ரெண்டு. அதுக்கப்பறம் நாம அங்கிருந்து மாத்தலாகி வர்ற வரைக்கும் அது தெறக்கலை"ன்னு சொல்லிட்டு சமையக்கட்டுக்குப் போயிட்டா. தோசைக்கல் வெக்கற சத்தம் கேட்டுச்சு. அவ்வளவுதான். 

எனக்கு நெசமாவே மறந்துபோச்சுங்க. எத்தனையோ வீடு, எத்தனையோ ஜன்னல். யோசிச்சுப் பார்த்தப்பத்தான் வந்துச்சு. அடிச்சது உண்மைதான். கொரங்குக்காக. கொரங்குத் தொல்லை அப்ப அப்படி. உள்ள பூந்து அரிசி, பருப்பு, எல்லாத்தையும் எறைச்சுரும். அவ ஒருத்தி மட்டும் வீட்டுல, நான் ரோந்துல. ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருச்சுன்னா? பாதுகாப்புக்காக அடிச்சது. அடுத்த நாள் அதையே அவகிட்ட சொன்னேன்.

கத்திரிக்காய் அரிஞ்சுட்டு இருந்தா. தலை தூக்காமயே, "கொரங்கு மாமரத்துப் பக்கமாத்தானுங்க வரும். முன்பக்கம். முன்பக்க ஜன்னல் கடைசி வரைக்கும் தெறந்துதான் இருந்துச்சு"ன்னா.

பாருங்க, எத்தனை ஞாபகம். இவ்வளவு வருசம் கழிச்சு எந்தப் பக்கம் கொரங்கு வந்துச்சுன்னு கேள்வி.

அந்தப் பின்ஜன்னல்ல அப்படி என்ன இருந்துச்சுன்னு கேக்கறீங்களா? ஒண்ணும் கெடையாதுங்க. அகழி, அதுக்கப்பறம் உண்ணிச்செடிப் பொதர், அதுக்கு மேல எஸ்டேட் ரோடு. உடுமலையில இருந்து ஒரு பஸ் வரும், காலையில மேல போகும், சாயங்காலம் கீழ எறங்கும். அதுதான் தெரியும் அதுல. அந்தப் பஸ்ஸைப் பத்தி நம்ம வாட்சர் ஒருத்தன், பேரு வேண்டாம், இப்ப இல்லை அவன், ஒருதடவை சொன்னான். நம்ம குவார்ட்டர்ஸ்கிட்ட மட்டும் பஸ் மெதுவாப் போகுதுங்க, கண்டக்டர் ஜன்னலைப் பார்த்துக் கையாட்டறாருங்கன்னு. சும்மா பேச்சுக்குச் சொன்னது. அதையெல்லாம் மனசுல வெச்சுக்கற ஆளில்லீங்க நான். எம் பொண்டாட்டியைப் பத்தி எனக்குத் தெரியாதா? ஆணி அடிச்சது கொரங்குக்கு. ரெண்டும் ஒரே வாரத்துல நடந்துச்சு, அவ்வளவுதான். தற்செயல்.

அதை நான் அவகிட்ட சொன்னதே இல்லை. அன்னிக்குக் கத்திரிக்காய் அரியறப்பத்தான் வாய் தவறி வந்துருச்சு. "கொரங்கோ, கண்டக்டரோ, ஏதோ ஒண்ணு, அதுக்கு இப்ப என்ன"ன்னுட்டேன்.

கத்தியைக் கீழ வெச்சுட்டா.

"கண்டக்டரா"ன்னா.

நான் ஒரு கத்திரிக்காயை எடுத்துக் காம்பைக் கிள்ளுனேன்.

"அவருக்கு அப்பவே பேரன் இருந்தானுங்க. எங்கூர்க்காரரு. எங்கம்மா வீட்டுக்கு மூணாவது வீடு"ன்னா.

அவங்கம்மாவுக்கு அந்தச் சமயத்துல உடம்பு முடியாம இருந்துச்சுங்க. நாங்க இருந்த எடத்துல போன் ஏது? ஆபீஸ் வயர்லெஸ்ஸுல குடும்ப விசயமெல்லாம் பேச முடியாது. அந்த மனுசன் காலையில டூட்டிக்கு வர்றப்ப அவங்கம்மாவை எட்டிப் பார்த்துட்டு வருவாராம். பஸ் நம்ம வீட்டுக்கு நேரா வர்றப்ப கையைத் தூக்கிக் காட்டுனா நல்லாருக்காங்க. இப்படி, உள்ளங்கையை இப்படித் திருப்பித் திருப்பி ஆட்டுனா சுமார். இதை இவ ஜன்னல்ல நின்னு பார்த்துக்குவாளாம். அவ்வளவுதானாம். அதுக்கு மேல ஒண்ணுமில்லையாம்.

நான் கேட்டேன், கொல்லைப்பக்கமாப் போயி அகழிகிட்ட நின்னு பார்த்திருக்கலாமேன்னு. "போகக்கூடாதுன்னு சொல்லியிருந்தீங்க. ஒத்தை ஆனை சுத்துச்சு"ன்னா. அதுவும் வாஸ்தவம். சொல்லியிருந்தேன். சரி, அந்த ஆணியைப் புடுங்கிருக்கலாமேன்னேன். "கொறடு ஜீப்புல இருந்துச்சு. ஜீப்பு உங்ககிட்ட"ன்னா. எதைக் கேட்டாலும் பதில் தயாரா வெச்சிருக்கறாளுங்க.

அவங்கம்மா எறந்தது தீ சீசன்ல. நான் மேல தீ பரவாம இருக்கப் புல்லைச் செதுக்கித் தீக்கோடு போட்டுட்டு இருந்தேன். தந்தி ரேஞ்சு ஆபீசுக்கு வந்து, அங்க யாரோ மேஜையில வெச்சு, அது எங்கைக்கு வந்து நான் வீட்டுக்கு எடுத்துட்டுப் போறப்ப அங்க காரியமே முடிஞ்சிருந்துச்சு. அது யாரோட தப்பு, நீங்களே சொல்லுங்க. தபால் அப்படி. காடு அப்படி.

ஆனா அவ ஒண்ணு சொன்னா. அம்மா போன அன்னிக்குக் காலையில பஸ் நின்னுச்சாம். நம்ம வீட்டுக்கு நேரா. ஹாரன் அடிச்சுட்டே இருந்துச்சாம், ரொம்ப நேரம். இவ அடைச்ச ஜன்னலுக்கு உள்ள நின்னு கேட்டாளாம். ரோட்டுல ஆனை நிக்குது போல, அதான் அடிக்கறாங்கன்னு நெனைச்சுட்டுப் போயி அரிசி களைஞ்சாளாம்.

இதைச் சொல்லிட்டு மறுபடியும் கத்தியை எடுத்துக் கத்திரிக்காய் அரிய ஆரம்பிச்சுட்டா.

நான் சொன்னேன் தம்பி, "அப்பவே எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, நானே புடுங்கியிருப்பனல்ல? சொன்னாத்தான தெரியும்"னு. நியாயமான கேள்விதானுங்களே? அதுக்கு அவ, "ஏன் அடிக்கறீங்கன்னு கேட்டனுங்க. கொரங்குன்னீங்க. அதுக்கு மேல என்ன கேக்கறது"ன்னா. சண்டையில்லை, அழுகையில்லை. எனக்கு அதுதான் ஒத்துக்க மாட்டேங்குது. கத்துனா நானும் ரெண்டு வார்த்தை கத்தியிருப்பேன்.

அதுக்கப்பறம் ஒரு வாரம் கழிச்சு, டேபிளைத் தொடைச்சுட்டே சொன்னா, "இதை யாருக்காவது குடுத்துருங்க. இதைப் பார்த்துட்டே என்னால சாப்பிட முடியலை"ன்னு. ஒரு ஜன்னலுக்காக. மழைக்காலம் பூரா உக்காந்து ஒருத்தன் அவளுக்காகச் செஞ்சிருக்கறேன், ஒரு ஜன்னலுக்காகக் குடுத்துருங்கறா. பட்டறையில வெச்சுக்கறேன்னு சொன்னேன். அங்க துணி காயப்போடப் போறப்பக் கண்ணுல படும்னா. பரணுல போட்டுர்லாம்னேன். பரணுல இருக்குதுன்னு தெரியும்லன்னா. என்ன பண்றது? ரேஞ்சருக்குப் போன் பண்ணுனேன்.

உண்மையைச் சொல்லோணும்னா, குடுக்கறதுக்கு முன்னால அதைச் சரி பண்ணிக் குடுக்கலாம்னுதான் பார்த்தனுங்க. மாடல்னா உள்ளது உள்ளபடி இருக்கோணும். உங்க மையத்துக்குப் பசங்க வருவாங்க, தப்பாக் காட்டக் கூடாது. சின்ன ஆணியா நாலு எடுத்துக் கூர் தட்டி, சுத்தியலும் எடுத்துட்டு உக்காந்தேன். முதல் ஆணியைச் சட்டத்துல வெச்சேன். வெச்சதோட சரி. சுத்தியலை ஓங்கறேன், எறங்க மாட்டேங்குது. பித்தளைக் கீல் மடிக்கறப்ப நிக்காத கை, ஓடு ஒட்டறப்ப நிக்காத கை. வயசாச்சுங்கள்ல. மறுநாளும் பார்த்தேன், அதேதான். சரி போகட்டும்னு விட்டுட்டேன். அதனால அது தெறந்துதான் இருக்கும். யாராவது கேட்டா தெறக்கும்னே சொல்லுங்க. யாருக்குத் தெரியப் போகுது.

சத்தம் கேக்குதுங்களா? கேட்டுச் சத்தம். அவதான். இன்னும் ஒரு நிமிசத்துல மேல வந்துருவா. நாம பேசுனதெல்லாம் அவகிட்ட வேண்டாம் தம்பி. ஏதோ பேச்சுவாக்குல சொல்லிட்டேன். டீயைக் குடிச்சு முடிங்க.

இதா வந்துட்டா. ரங்கநாயகி, இவருதான் மையத்துல இருந்து வந்திருக்கற தம்பி. டீ குடுத்துட்டேன். ஆமா, எடுக்கறதுக்குத்தான் பார்த்துட்டு இருக்கறோம். ஒத்தை ஆள் தூக்க முடியாது, கீழ டிரைவரைக் கூப்புடலாம்னு... நீயா? நீ எதுக்குப் புள்ள, கனமா இருக்கும். சரி, சரி. புடி. பாலத்துப் பக்கம் நீ புடி, தொட்டிப் பக்கம் தம்பி புடிக்கட்டும். வேட்டியைப் போட்டுக்குங்க மேல, தூசி அண்டாது.

கதவை நான் புடிச்சுக்கறேன். போங்க.

மெதுவா. மூணாவது மாடித் திருப்பத்துல சாய்க்கோணும் தம்பி, நேராப் போகாது. இடதுபக்கம் சாய்ங்க. ரங்கநாயகி, பாத்து, படி தெரியாது உனக்கு. மாமரத்தைப் புடிக்காத, கம்பி வளைஞ்சிரும்.

என்ன? கேக்கலை, சத்தமாச் சொல்லு. ஜீப்புலயா? நீ எதுக்கு ஜீப்புல போற? மடியில வெச்சுட்டுப் போகோணுமா? அதுக்கு டிரைவர் பார்த்துக்குவாப்ல. மையம் மலையடிவாரத்துல இருக்குது புள்ள, பக்கத்துலயா இருக்குது. இப்பத்தான வந்த.

தம்பி, அவ சொல்றது எனக்குக் கேக்கலை. என்ன சொன்னா? அங்க வெக்கற எடத்தைப் பார்த்துட்டு வர்றாளா? சொவத்துல ஒட்டி வெக்கக் கூடாதாமா? பின்பக்கமும் தெரியற மாதிரி நடுவால வெக்கோணுமா? சரி. சரி, அப்படியே வெய்ங்க. அவ சொல்ற மாதிரியே வெய்ங்க.

திருப்பம் தாண்டிட்டீங்களா? ரெண்டாவது மாடியில லைட்டு எரியாது, பாத்துப் போங்க.

ரங்கநாயகி. சாப்பாடு நான் போட்டுக்கறேன். அது ஒண்ணுமில்லை. ஏம் புள்ள, காது கேக்குதா? எப்ப வருவ?